வாயில் வரும் அரிய லிம்போமாக்கள்: சந்தேகிப்பது முதல் உறுதிசெய்வது வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறாத வாய்ப்புண்ணோ ஈறு வீக்கமோ உள்ளவர்கள், அவர்களைக் கூட இருந்து பார்த்துக்கொள்பவர்கள், அவர்களை முதலில் பார்க்கும் பல் மருத்துவர்கள் ஆகியோருக்காக இதை எழுதியிருக்கிறோம். சிகிச்சையைவிடக் கண்டறிதலுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். வாய் லிம்போமாவில் பெரும்பாலான தவறுகள் நோயின் பெயர் தெரிவதற்கு முன்பேதான் நடக்கின்றன.

லிம்போமா கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டும் நோயல்லவா? வாயில் எப்படி வரும்?

லிம்போமா என்பது லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய். இந்த அணுக்கள் நிணநீர் முடிச்சுகளில் மட்டும் இருப்பதில்லை. தொண்டைச் சதை, நாக்கின் அடிப்பகுதி, சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள், ஈறு, தாடை எலும்பின் மஜ்ஜை என எங்கும் இருக்கின்றன. ஆகவே அங்கெல்லாம் லிம்போமா தோன்ற முடியும். தொண்டைச் சதையில் வருவதை வால்டேயர் வளையத்து லிம்போமா என்று தனியாகக் கணக்கிடுவார்கள். அது அவ்வளவு அரிதல்ல. ஈறு, அண்ணம், உதடு, நாக்கின் முன்பகுதி, தாடை எலும்பு ஆகிய இடங்களில் முதன்மையாகத் தோன்றுவதுதான் அரிது.

வாயில் அதிகம் வரும் புற்றுநோய், வாயின் மேற்படலத்தில் தோன்றும் செதிற்கலப் புற்றுநோய். அடுத்து உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள், மூன்றாவதாக லிம்போமா. வாய் லிம்போமாக்களில் மிகுதியாக வருவது பரவலான பெரிய பி-செல் லிம்போமா. பிளாஸ்மாபிளாஸ்டிக், என்கே/டி-செல், பர்க்கிட், மால்ட், ஃபாலிகுலர், மேன்டில் செல், அனாபிளாஸ்டிக் போன்றவை அதைவிட அரியவை. ஹாட்ஜ்கின் லிம்போமா வாயில் தொடங்குவது மிக மிக அபூர்வம். எனவே வாய்த் திசுவில் 'ஹாட்ஜ்கின்' என்று அறிக்கை வந்தால், அதை ஒத்திருக்கும் வேறொரு நோயா என்று இன்னொரு முறை பார்க்கச் சொல்வது நியாயமே.

புகையிலை, வெற்றிலை, மது எதுவும் பழக்கமில்லை. அப்படியும் வருமா?

வரும். அந்தப் பழக்கங்கள் செதிற்கலப் புற்றுநோய்க்குக் காரணம். லிம்போமாவுக்கு அவற்றோடு அப்படி நேரடித் தொடர்பு இல்லை. இங்கே கேட்க வேண்டியது எதிர்ப்புசக்தியைப் பற்றி. எச்ஐவி தொற்று உண்டா, உறுப்பு மாற்றம் நடந்திருக்கிறதா, எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மெத்தோட்ரெக்சேட் அல்லது அசதியோபிரின் சாப்பிடுகிறாரா, கண்ணும் வாயும் வறளும் ஷோகிரன் நோய் உண்டா, வயது என்ன? இந்தக் கேள்விகளை முதல் நாளே கேட்டுவிட்டால் பாதி வழி தெளிவாகிவிடும்.

என்ன அறிகுறி இருந்தால் சந்தேகிக்க வேண்டும்?

தனியாக ஓர் அறிகுறியை வைத்து லிம்போமா என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சில சேர்க்கைகள் உண்டு. வலி குறைவாகவும் வளர்ச்சி வேகமாகவும் இருக்கும் ஈறு வீக்கம். அண்ணத்தின் பின்பகுதியில், கடினமான பகுதியும் மென்மையான பகுதியும் சேரும் இடத்தில், அழுத்தினால் ரப்பர் போலிருக்கும் நீலம் கலந்த மேடு. பல்லைச் சுற்றி ஈறுநோய் பெரிதாக இல்லாதபோதும் ஒரே பகுதியில் இரண்டு மூன்று பற்கள் ஆடுவது. பல் பிடுங்கிய குழியிலிருந்து சதை வளர்ந்து வெளியே வருவது. நன்றாகப் பொருந்தியிருந்த பல்செட் திடீரென உட்காராமல் போவது.

இவற்றோடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காரணமில்லாத காய்ச்சல், இரவில் உடை மாற்றும் அளவுக்கு வியர்வை, 6 மாதத்தில் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழப்பு என்பவையும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் வாயில் மட்டும் நோய் உள்ளவர்களில் பலருக்கு இந்த மூன்றும் இருக்காது. 'காய்ச்சல் இல்லையே' என்று ஆறுதலடைய வேண்டாம்.

நடைமுறைக்கு ஒரு கணக்கு சொல்கிறோம். காரணம் என்று நினைத்ததை, அதாவது கூரான பல்லையோ உரசும் பல்செட்டையோ சீழையோ சரிசெய்த பிறகும் 2 முதல் 3 வாரத்தில் ஆறாத புண் அல்லது வீக்கம் என்றால் திசு எடுத்தே ஆக வேண்டும். இன்னொரு சுற்று ஆன்டிபயாட்டிக் அதற்கு விடையல்ல.

கீழுதடும் முகவாயும் மரத்துப்போயிருக்கிறது. வேறொன்றும் இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக்கூடாத அறிகுறி இது. கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பின் கடைசிக் கிளை முகவாயில் வெளிவருகிறது. பல் பிடுங்கியதாலோ ஊசியாலோ அடியாலோ வராத ஒருபக்க மரத்துப்போதல் என்றால், அந்த நரம்பின் வழியில் ஏதோ ஊடுருவியிருக்கலாம். லிம்போமா, லுக்கேமியா, வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோய் ஆகிய மூன்றையும் தேட வேண்டும். வாய்க்குள் எதுவும் தெரியாவிட்டாலும் தாடையின் சிடி ஸ்கேன் அல்லது எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். எம்ஆர்ஐ நரம்பின் பாதையையும் மஜ்ஜையையும் நன்றாகக் காட்டும்.

பல் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடாதா?

சில சமயம் தெரியும், ஆனால் ஏமாற்றும். தாடை எலும்பு லிம்போமா ஓரம் தெளிவில்லாமல், பூச்சி அரித்தது போல எலும்பைக் கரைக்கும். பல் வேரைச் சுற்றி இருக்கும் மெல்லிய வெள்ளைக் கோடு மறையும், வேருக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளி அகலும், நரம்புக் குழாய் விரியும். வேர் நுனியில் மட்டும் கருப்பாகத் தெரிந்தால் பல் சீழ் என்றே தோன்றும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே முற்றிலும் இயல்பாக இருப்பதும் உண்டு. எலும்பின் மேலோடு உடையாமலே நோய் அதன் நுண்துளைகள் வழியாக வெளியே வந்து மென்திசுவில் பெரிய கட்டியாக நிற்கும். வெளியே அவ்வளவு பெரிய கட்டி, எலும்பிலோ சேதம் குறைவு என்ற பொருத்தமின்மையைக் கண்டால் லிம்போமாவை நினையுங்கள்.

பல் மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. வேர் நுனியில் கருப்பு இருக்கிறது, ஆனால் குளிர் வைத்தால் அந்தப் பல் உணர்கிறது. அப்படியானால் அந்தக் கருப்பு பல் கூழ் செத்ததால் வந்ததல்ல. அங்கே ரூட் கேனால் தொடங்கக் கூடாது. ரூட் கேனால் முடிந்தும் கருப்பு பெரிதானால் மறுபடி அதையே செய்யாமல் வேர் நுனித் திசுவை எடுத்து நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். பிடுங்கிய பல்லின் குழியிலிருந்து சுரண்டி எடுக்கும் சதையையும் குப்பையில் போடாமல் ஃபார்மலினில் போட வேண்டும்.

பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா என்று அறிக்கையில் வந்திருக்கிறது. அது என்ன?

1997-இல்தான் இது தனி நோயாக விவரிக்கப்பட்டது. அன்று விவரிக்கப்பட்ட 16 பேரில் 15 பேருக்கு எச்ஐவி இருந்தது, எல்லாருக்கும் நோய் வாயில்தான். பிறகு உறுப்பு மாற்றம் செய்தவர்களிடமும், எதிர்ப்புசக்தி குறையாத முதியவர்களிடமும் காணப்பட்டது. ஈறிலோ அண்ணத்திலோ சதைப்பற்றாகத் தொடங்கி வாரக்கணக்கில் பெரிதாகும். தாடை எலும்பையும் பிடிக்கும்.

கண்டறிவதில் பெரிய பொறி இங்கேதான். பி-செல் லிம்போமா என்றால் ஆய்வகம் வழக்கமாகத் தேடுவது அணுவின் மேற்பரப்பில் உள்ள சிடி20 என்ற புரதக் குறி (இங்கே சிடி என்பது ஸ்கேன் அல்ல). இந்த நோயில் அது இருக்காது. வெள்ளணுக்களுக்குப் பொதுவான சிடி45 கூட மங்கலாகவோ இல்லாமலோ இருக்கலாம். போதாக்குறைக்கு, மேற்படலத்தில் தோன்றும் புற்றுநோய்களில் (கார்சினோமா) தேடப்படும் ஈஎம்ஏ என்ற குறி பாசிட்டிவாக வரலாம். சில குறிகளை மட்டும் பார்த்து நிறுத்தினால் 'வேறுபாடடையாத கார்சினோமா' என்று பெயர் விழுந்துவிடும். சிடி138, சிடி38, எம்யூஎம்1 ஆகியவற்றைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். எப்ஸ்டீன்-பார் வைரஸைக் காட்டும் ஈபர் சோதனை பாதிக்கு மேற்பட்டவர்களில் பாசிட்டிவ். மிக் மரபணு இடமாற்றம் ஏறக்குறைய பாதிப் பேரில் இருக்கும். மஜ்ஜையில் வரும் புற்றுநோயான பிளாஸ்மா செல் மைலோமாவும் நுண்ணோக்கியில் இப்படியே தோன்றும் என்பதால், இரத்தத்தில் எம் புரதம், கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு, எலும்பு ஓட்டைகள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

எச்ஐவி நிலை தெரியாதவருக்கு இந்த நோய் வந்தால் அன்றே எச்ஐவி சோதனை செய்ய வேண்டும். வாயில் வந்த கட்டியே எச்ஐவியின் முதல் அடையாளமாக இருந்துவிடலாம். சிடி20 இல்லாததால், அதைக் குறிவைக்கும் ரிட்டக்ஸிமாப் என்ற மருந்து இதில் பயன் தராது. பெயர் சரியாக இருப்பது ஏன் முக்கியம் என்பது இதிலேயே விளங்கும்.

அண்ணத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. மூக்கடைப்பும் உண்டு. எதைத் தேட வேண்டும்?

எக்ஸ்ட்ராநோடல் என்கே/டி-செல் லிம்போமா. பெரும்பாலும் மூக்கில் தொடங்கி, கீழே அண்ணத்தை அரித்துக்கொண்டு வாய்க்கு வரும். நாள்பட்ட மூக்கடைப்பு, ஒருபக்கச் சளியில் இரத்தம், கெட்ட வாடை, பிறகு அண்ணத்தில் கருத்த புண், கடைசியில் ஓட்டை. கிழக்கு ஆசியாவிலும் நடு, தென் அமெரிக்காவிலும் மற்ற இடங்களைவிட அதிகம். எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஏறக்குறைய எப்போதும் கட்டி அணுக்களுக்குள் இருக்கும்.

இதன் தொல்லை என்னவென்றால், கட்டி அணுக்கள் இரத்தக் குழாய்ச் சுவருக்குள் புகுந்து திசுவைச் சாகடிக்கின்றன. மேலே இருந்து கிள்ளி எடுத்தால் கிடைப்பது செத்த சதையும் அழற்சியும்தான். 'நெக்ரோசிஸ், புற்றுநோய் இல்லை' என்று ஒன்று, இரண்டு, மூன்று அறிக்கைகள் கூட வரலாம். அது 'நோய் இல்லை' என்பதற்குச் சான்றல்ல. பொருக்கை நீக்கிவிட்டு, புண்ணின் ஓரத்தில் உயிருள்ள திசு தொடங்கும் இடத்தில் ஆழமாக, பல இடங்களில் எடுக்க வேண்டும். மூக்கை எண்டோஸ்கோப்பியால் பார்த்து அங்கிருந்தும் எடுக்க வேண்டும். வாயில் கிடைக்காத விடை பல சமயம் மூக்கில் கிடைக்கும். ஆய்வகம் சிடி3 எப்சிலான், சிடி56, கிரான்சைம் பி, டிஐஏ-1 ஆகியவற்றோடு ஈபர் சோதனையையும் செய்ய வேண்டும். ஈபர் நெகட்டிவ் என்றால் இந்த நோயறிதலையே மறுபரிசீலனை செய்வது நல்லது.

அண்ணம் கருத்துப்போனால் அது மியூகோர் பூஞ்சையாகவும் இருக்கலாம். முக்கியமாக நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு. அது நாள்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் பரவும். எனவே ஒரே அமர்வில் எடுத்த திசுவைப் பூஞ்சை ஸ்டெயினுக்கும் கல்ச்சருக்கும் சேர்த்தே அனுப்ப வேண்டும். இரத்தக்குழாய் அழற்சி நோயான பாலிஆஞ்சைட்டிஸுடன் கூடிய கிரானுலோமட்டோசிஸ், சிபிலிஸ், கொக்கெய்ன் பழக்கம் ஆகியவையும் அண்ணத்தில் ஓட்டை போடும்.

குழந்தையின் தாடை ஒரு வாரத்தில் வீங்கிவிட்டது. பல்லெல்லாம் ஆடுகிறது.

பர்க்கிட் லிம்போமாவாக இருக்கலாம் என்று எண்ணி அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனித உடலில் வளரும் கட்டிகளில் மிக வேகமானவற்றுள் இது ஒன்று. 24 முதல் 48 மணி நேரத்தில் இருமடங்காகும். டெனிஸ் பர்க்கிட் 1958-இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடைக் கட்டியாக இதை விவரித்தார். அந்தக் கட்டித் திசுவிலிருந்துதான் 1964-இல் எப்ஸ்டீன், அச்சாங், பார் ஆகியோர் இப்போது எப்ஸ்டீன்-பார் என்று அழைக்கப்படும் வைரஸைக் கண்டார்கள். நில நடுக்கோட்டு ஆப்பிரிக்காவிலும் பாப்புவா நியூ கினியிலும் தாடையில் வருவது வழக்கம். மற்ற இடங்களில் வயிற்றில் வருவதே அதிகம், தாடையில் குறைவு.

நுண்ணோக்கியில் 'விண்மீன் வானம்' போலத் தெரியும். கருநீல அணுக் கூட்டத்தின் நடுவே, இறந்த அணுக்களைத் தின்னும் வெளிர் அணுக்கள் புள்ளி புள்ளியாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. சிடி20, சிடி10, பிசிஎல்6 பாசிட்டிவ், பிசிஎல்2 இல்லை அல்லது மங்கல், பெருகும் அணுக்களின் பங்கைக் காட்டும் கேஐ-67 ஏறக்குறைய 100 சதவீதம், மரபணு இடம் மாறியதைக் காட்டும் ஃபிஷ் சோதனையில் மிக் இடமாற்றம். முழு அறிக்கைக்குக் காத்திருக்கும்போதே இரத்தத்தில் யூரிக் அமிலம், பொட்டாசியம், பாஸ்பேட், கால்சியம், கிரியாட்டினின், எல்டிஎச் பார்க்க வேண்டும். வேகமாக வளரும் கட்டி வேகமாகச் சாகவும் செய்யும். அப்போது அணுக்களுக்குள் இருந்ததெல்லாம் இரத்தத்தில் கொட்டி சிறுநீரகம் நின்றுபோகும். இந்த நிலைக்குக் கட்டிச் சிதைவு நோய்த்தொகுப்பு என்று பெயர். கீமோ தொடங்கும் முன்பே திரவமும் யூரிக் அமில மருந்தும் கொடுப்பது இதற்காகத்தான்.

வருடக்கணக்கில் மெதுவாக இருக்கும் வீக்கம் லிம்போமாவாக இருக்குமா?

இருக்கலாம். மெதுவானவை இரண்டைச் சொல்லலாம். மால்ட் லிம்போமா உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும். கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோகிரன் நோய் உள்ளவரின் காதடிச் சுரப்பி ஒருபக்கம் வீங்கி வடியாமலே நின்றால், கூடவே காலில் சிவந்த புள்ளிகளும் இரத்தத்தில் சி4 என்ற புரதக் குறைவும் இருந்தால், அதைத் தேட வேண்டும். ஃபாலிகுலர் லிம்போமா முதியவர்களின் அண்ணத்தில் வலியில்லாத மேடாக வரும். அதே இடத்தில் தீங்கற்ற லிம்பாய்டு பெருக்கமும் வரும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலிருக்கும். பி-செல்கள் பெருகும் முளை மையங்களில் பிசிஎல்2 இருந்தால் லிம்போமா பக்கம் சாயும், தீங்கற்றதில் இருக்காது. மேன்டில் செல் லிம்போமாவும் முதிய ஆண்களின் அண்ணத்தில் இப்படியே மேடாகத் தெரியும். ஆனால் அதன் போக்கு பெரும்பாலும் மெதுவானதல்ல. சைக்ளின் டி1, சிடி5 ஆகிய இரண்டையும் கேட்டால் அது பிரிந்துவிடும்.

லிம்போமா போலவே தோன்றி, கீமோ இல்லாமலே ஆறும் புண் உண்டா?

உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் ஒருவரைத் தேவையற்ற சிகிச்சையிலிருந்து காப்பாற்றலாம். எப்ஸ்டீன்-பார் வைரஸ் சார்ந்த சளிச்சவ்வு-தோல் புண் என்ற நோய் 2010-இல் தனியாக விவரிக்கப்பட்டது. முதியவர்களுக்கும், மெத்தோட்ரெக்சேட், அசதியோபிரின், சைக்ளோஸ்போரின் போன்றவை சாப்பிடுபவர்களுக்கும் வாயில் ஓரம் தெளிவான ஒற்றைப் புண்ணாக வரும். நுண்ணோக்கியில் ஹாட்ஜ்கின் அணுக்களைப் போன்றே பெரிய அணுக்கள், சிடி30 பாசிட்டிவ், ஈபர் பாசிட்டிவ். மருந்து விவரம் தெரியாத நோய்க்கூறு மருத்துவர் இதைப் பெரிய பி-செல் லிம்போமா என்றோ ஹாட்ஜ்கின் என்றோ எழுதுவது எளிது. முடக்குவாத மருத்துவரின் மேற்பார்வையில் அந்த மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பல புண்கள் தாமே ஆறிவிடுகின்றன. நோயாளி தானாக மருந்தை நிறுத்தக் கூடாது. ஒரே இடத்தில் மட்டும் நோய் இருக்கிறதா என்று ஸ்கேனில் உறுதிசெய்த பிறகே இந்தப் பாதையில் போக வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்கு அது வாரம் ஒருமுறை சாப்பிடும் மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் வாய் முழுக்கப் புண்ணாகும், இரத்த அணுக்கள் விழும். அது அவசரநிலை, லிம்போமா அல்ல.

நாக்கில் பல் உரசி வரும் ஆழமான புண்ணிலும், ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் நிறைந்து, சிடி30 உள்ள பெரிய டி-செல்கள் காணப்படலாம். அதில் சில தானே ஆறும், சில சிடி30 சார்ந்த டி-செல் பெருக்கமாக இருக்கும். உரசும் பல்லைத் தீட்டிவிட்டுச் சில வாரம் கண்காணிப்பது அங்கே சிகிச்சையும் சோதனையுமாகும்.

திசு எடுக்கும் முன் வீக்கம் குறைய ஸ்டீராய்டு போடலாமா?

வேண்டாம். மூச்சுக்குழாய் அடைக்கிற ஆபத்து இருந்தால் ஒழிய, கூடவே கூடாது. ஸ்டீராய்டு லிம்போமா அணுக்களை நேரடியாகக் கொல்லும். சில நாளில் வீக்கம் வடியும், வலி போகும், எல்லாரும் மகிழ்வார்கள். அப்போது எடுத்த திசுவில் செத்த அணுக்களும் அவற்றைத் தின்னும் ஹிஸ்டியோசைட்டுகளும்தான் மிஞ்சும், அறிக்கை 'நாள்பட்ட அழற்சி' என்று வரும். சில வாரத்தில் கட்டி திரும்பும், முன்னைவிடப் பெரிதாக. வாய்ப்புண்ணுக்கான ஸ்டீராய்டு மாத்திரை, புண்ணுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை எல்லாமே இதில் சேரும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் எத்தனை நாள், என்ன அளவு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனை போதாதா?

கழுத்து முடிச்சில் என்ன இருக்கிறது என்று தோராயமாகப் பார்க்க உதவும். லிம்போமாவைப் பெயரிட உதவாது. அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்க்காமல் ஃபாலிகுலரையும் தீங்கற்ற பெருக்கத்தையும் பிரிப்பது கடினம். எட்ட முடியாத ஆழத்தில் கட்டி இருந்தால் தடித்த ஊசியால் பல உருளைத் துண்டுகள் எடுக்கலாம். வாயைப் பொறுத்தவரை கத்திக்கு எட்டாத இடம் குறைவு, எனவே கத்தியே நல்லது.

சரியான பயாப்ஸி (திசு எடுத்தல்) எப்படி இருக்க வேண்டும்?

மரத்துப்போக வைக்கும் ஊசியைக் கட்டிக்குள் போடாமல் சற்றுத் தள்ளிச் சுற்றிலும் போட வேண்டும், இல்லையெனில் திசு ஊறி உருமாறும். கத்தியால் வெட்ட வேண்டும். எலக்ட்ரோகாட்டரியோ லேசரோ வெட்டு ஓரத்தை வேகவைத்துவிடும், சிறு துண்டில் அந்த ஓரமே பாதியாகிவிடும். லிம்போமா அணுக்கள் மற்ற அணுக்களைவிட எளிதில் நசுங்கும். பல் உள்ள ஃபோர்செப்ஸால் திசுவை இறுக்கிப் பிடித்தால் அறிக்கையில் 'நசுங்கியதால் கருத்துக் கூற இயலவில்லை' என்று வரும். ஒரு தையல் போட்டு அதைப் பிடித்துத் தூக்குவது எளிய மாற்றுவழி. துண்டு முடிந்தால் 1 செ.மீ. அளவாவது இருக்கட்டும், மேற்பரப்புப் புண்ணை மட்டும் சுரண்டாமல் அடிச்சதை வரை ஆழமாக.

எடுத்ததை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பெரிய பங்கு 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில், திசுவைப் போல் குறைந்தது 10 மடங்கு கொள்ளளவில். சிறிய பங்கு ஃபார்மலின் படாமல், அணுக்களை உயிரோடு வைக்கும் ஆர்பிஎம்ஐ திரவத்தில் அல்லது சலைனில் நனைத்த காஸ் துணியில், அணுக்களின் குறிகளை ஒவ்வொரு அணுவாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்காக அன்றே ஆய்வகத்துக்கு. ஃபார்மலினில் போட்ட திசுவில் ஃப்ளோ செய்ய முடியாது. எனவே இதை எடுப்பதற்கு முன்பே ஆய்வகத்திடம் பேசி வைக்க வேண்டும். காசநோயோ பூஞ்சையோ சந்தேகமிருந்தால் கல்ச்சருக்கு மூன்றாவது துண்டு, அதுவும் ஃபார்மலின் இல்லாமல்.

எலும்பு கலந்த திசுவில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. எலும்பை மென்மையாக்க வன்மையான அமிலம் பயன்படுத்தினால் டிஎன்ஏ சிதைந்து ஃபிஷ் சோதனை தோற்கும், பல குறிகளும் மங்கும். எலும்போடு ஒட்டியிருக்கும் மென்திசுவைத் தனிக் குப்பியில் பிரித்து அனுப்புங்கள். எலும்பை மென்மையாக்க அமிலத்துக்குப் பதில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துமாறு படிவத்திலேயே எழுதுங்கள். அது மெதுவானது, ஆனால் திசுவைக் காப்பாற்றும்.

படிவத்தில் 'ஈறு வீக்கம்' என்று இரண்டு சொல் எழுதி அனுப்பினால் கிடைக்கும் விடையும் அதே தரத்தில் இருக்கும். வயது, எத்தனை வாரமாக, எந்த இடம், எலும்பு பாதிப்பு, எச்ஐவி நிலை, உறுப்பு மாற்றம், சாப்பிடும் மருந்துகள், ஸ்டீராய்டு எடுத்தாரா, முந்தைய பயாப்ஸியின் முடிவு இவ்வளவும் வேண்டும். கூடவே 'லிம்போமா?' என்ற ஒரு சொல்லும்.

பயாப்ஸி அறிக்கை 'அழற்சி' என்று வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

புண் ஆறிவிட்டால் இருக்கலாம். கட்டி இன்னும் வளர்கிறதென்றால் அந்த அறிக்கை எடுத்த துண்டைப் பற்றியதே தவிர கட்டியைப் பற்றியதல்ல. மறுபடி எடுக்க வேண்டும், வேறு இடத்தில், இன்னும் ஆழமாக. முதல் ஸ்லைடுகளை லிம்போமா பழகிய நோய்க்கூறு மருத்துவரிடம் காட்டுவதையும் உடனே செய்யலாம்.

அறிக்கையில் உள்ள குறியீடுகளை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு குறியும் ஒரு கேள்விக்கு விடை. பான்சைட்டோகெரட்டின் கார்சினோமாவா என்று கேட்கிறது, எஸ்100, சாக்ஸ்10 ஆகியவை மெலனோமாவா என்று. சிடி20, சிடி79ஏ, பாக்ஸ்5 ஆகியவை பி-செல்லைக் காட்டும். சிடி3 டி-செல்லை. சிடி10, பிசிஎல்6, எம்யூஎம்1 ஆகிய மூன்றையும் வைத்துப் பெரிய பி-செல் லிம்போமாவை முளை மைய வகை, மற்ற வகை என இரண்டாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றிலும் 30 சதவீத அணுக்கள் நிறமேற்றிருந்தால் பாசிட்டிவ் என்பது இந்த முறையின் எல்லை. கேஐ-67 என்பது பெருகிக்கொண்டிருக்கும் அணுக்களின் பங்கு, அது மட்டும் 90 என்று வந்ததால் நோயின் பெயர் முடிவாகிவிடாது.

ஃபிஷ் சோதனையில் மிக், பிசிஎல்2 இரண்டும் இடம் மாறியிருந்தால் சிகிச்சையின் தீவிரம் மாறும். 2022-இல் இரண்டு வகைப்பாடுகள் வெளிவந்தன. ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு, மற்றது சர்வதேச ஒருமித்த வகைப்பாடு. ஒரே நோய்க்கு இரண்டு ஆய்வகங்கள் சற்று வேறான பெயர் எழுதினால் பதற வேண்டாம். என்கே/டி-செல் லிம்போமாவில் ஒன்று 'நாசல் வகை' என்ற சொல்லை விட்டுவிட்டது, மற்றது வைத்திருக்கிறது, அவ்வளவே.

'குளோனாலிட்டி பாசிட்டிவ்' என்ற வரியும் பலரைப் பயமுறுத்துகிறது. அணுக்கள் ஒரே தாயணுவிலிருந்து வந்தவை என்பதே அதன் பொருள். புற்றுநோய் அல்லாத புண்களிலும் அப்படி வரும். மற்ற கண்டறிதல்களோடு சேர்த்தே அதற்கு மதிப்பு.

பெயர் தெரிந்த பிறகு என்னென்ன சோதனை?

வாயில் கண்டது உடல் முழுக்க இருக்கும் நோயின் ஒரு முனையா, வாயோடு நிற்பதா என்று பார்க்க வேண்டும். பெட்-சிடி, தாடைக்கோ மூக்குப் பகுதிக்கோ எம்ஆர்ஐ, முழு இரத்த எண்ணிக்கை, எல்டிஎச், யூரிக் அமிலம், கல்லீரல் சிறுநீரகச் சோதனைகள், எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி. ஹெபடைட்டிஸ் பி-க்கு இப்போதைய தொற்றைக் காட்டும் எச்பிஎஸ்ஏஜி மட்டும் போதாது, பழைய தொற்றையும் காட்டும் ஆன்டி-எச்பிசியும் வேண்டும். பழைய தொற்று ஒளிந்திருந்தால் ரிட்டக்ஸிமாப் அதை எழுப்பிவிடும். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தைத் தரப்போவதாக இருந்தால் இதய எக்கோ. வகையைப் பொறுத்து எலும்பு மஜ்ஜையும் முதுகுத் தண்டு நீரும். என்கே/டி வகையில் இரத்த பிளாஸ்மாவில் எப்ஸ்டீன்-பார் டிஎன்ஏ அளவை முதலில் பார்த்து வைத்தால் பிறகு ஒப்பிட உதவும்.

கட்டியை அறுவை சிகிச்சையில் மொத்தமாக எடுத்துவிட்டால் என்ன?

எடுக்கத் தேவையில்லை. செதிற்கலப் புற்றுநோய்க்கு அறுவைதான் முதல் ஆயுதம், லிம்போமாவுக்கு மருந்தும் கதிர்வீச்சும். பெரும்பாலான வாய் லிம்போமாக்கள் கீமோவில் கண்ணெதிரே கரையும். தாடையை வெட்டி எடுத்த பிறகு 'இது லிம்போமா' என்று அறிக்கை வருவது வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய இழப்பு. அதனால்தான் அரிய கட்டியில் முதலில் துண்டு எடுத்துப் பெயர் தெரிந்துகொண்டு, பிறகே பெரிய அறுவையைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆடும் பற்களைப் பிடுங்கிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். கட்டி கரைந்ததும் பல பற்கள் மறுபடி உறுதியாவது உண்டு. தாடைக்குக் கதிர்வீச்சு தரப்போகிறார்கள், ஒரு பல் காப்பாற்ற முடியாத நிலையில் இருக்கிறது என்றால், கதிர்வீச்சு தொடங்குவதற்குக் குறைந்தது 2 வாரம் முன்பு பிடுங்க வேண்டும். பிறகு பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. கீமோ நடுவே பிடுங்க நேர்ந்தால் நியூட்ரோஃபில், தட்டணு எண்ணிக்கைகளைப் பார்த்துப் புற்றுநோய் மருத்துவரின் சம்மதத்தோடு மட்டும்.

கூட இருப்பவர்களுக்குத் தொற்றுமா?

தொற்றாது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லாரிடமும் ஏற்கெனவே இருப்பதுதான். தனித் தட்டும் தனி அறையும் தேவையில்லை.

இரண்டாவது கருத்துக்கு என்ன எடுத்துப்போக வேண்டும்?

அச்சிட்ட அறிக்கை மட்டும் போதாது. ஆய்வகத்திடம் பாரஃபின் பிளாக்குகளையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். நிறமேற்றிய ஸ்லைடில் புதிய சோதனை செய்ய முடியாது, பிளாக்கில் முடியும். பல துண்டுகள் எடுத்திருந்தால் அத்தனை பிளாக்குகளும் வேண்டும், எந்தத் துண்டில் உயிருள்ள கட்டி இருக்கிறது என்பதைப் பார்க்கப்போகிறவரே தேர்ந்தெடுக்கட்டும். பிளாக்குகளை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவைக்காதீர்கள், மெழுகு உருகும். ஸ்கேன் படங்களை டிஸ்க்கில் வாங்குங்கள், சாப்பிட்ட மருந்துகளின் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள், வாய்க்குள் தெரியும் கட்டியைச் சில நாள் இடைவெளியில் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து அவற்றையும் காட்டுங்கள்.